மூலை அறுப்புக்கு ஒரு சமன்பாடு

அந்த ஆண்டு சம்பா அறுப்புக்கு எங்கள் ஊர் வயலில் மிஷின் இறங்கக்கூடாது என்று விவசாயத் தொழிலாளர் சங்கம் சொன்னது. இறங்கும் என்று பெரிய பண்ணை சொன்னார். பெரிய பண்ணை என்பது ஒரு வீட்டுக்கும் அந்த வீட்டுத் தலைவருக்கும் சேர்த்து ஊர் வைத்திருந்த பெயர். வாய்க்காலில் தண்ணீர் முதலில் பாயும் தலைமடையில் அவருக்கு மூன்று வேலி நிலம். வேலி என்றால் இருபது மா. மூன்று மா சேர்ந்தால் ஏறக்குறைய ஓர் ஏக்கர். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வருவதெல்லாம் மாக்கணக்குதான்.

ஊரில் மூன்று அறுப்புக் குழுக்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஆணும் பெண்ணுமாக இருபத்திரண்டு பேர். அதில் ஒரு குழுவை நடத்தியவர் என் அம்மா. தை பிறந்ததும் அறுப்பு தொடங்கினால் குழுவுக்கு இருபது நாள் வேலை உறுதி. கூலியில் பாதியை நெல்லாக அளப்பார்கள். அந்த நெல்லை வைத்துத்தான் எங்கள் வீட்டில் ஆடி வரை சோறு. பக்கத்து ஊரில் முந்தைய ஆண்டே மிஷின் இறங்கிவிட்டது. அங்கே ஒரு குழுவுக்குக் கிடைத்தது மொத்தம் இரண்டு நாள். அம்மாவுக்கு அந்த எண் மனப்பாடம்.

மிஷினை ஏற்றிக்கொண்டு வந்த லாரியைச் சங்கத்தார் மெயின் ரோட்டில் டீக்கடைக்குப் பக்கத்தில் மறித்தார்கள். லாரி அங்கேயே நின்றது. போலீஸ் வந்து இரண்டு தரப்பையும் பார்த்துவிட்டுப் போனது. மறுநாள் தாசில்தார் அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை என்று தகவல் வந்தது.

நான் அப்போது தஞ்சாவூரில் பாலிடெக்னிக் முடித்து, மெக்கானிக்கல் டிப்ளமோவை வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, வீட்டில் இருந்தேன். மூன்று ஆண்டும் அரசு கொடுத்த இலவச பஸ் பாஸில் போய்வந்த படிப்பு. வகுப்பில் நாற்பது பேரில் நாங்கள் இரண்டு பெண்கள். பட்டியல் போடாமல் எதையும் தொடங்குவதில்லை என்ற பழக்கம் எனக்கு அங்கே பட்டறையில் வந்தது. கருவிகளை எடுத்தால் எழுத வேண்டும், வைத்தால் எழுத வேண்டும்.

சங்கச் செயலாளர் அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். எனக்குச் சித்தப்பா முறை.

"பாப்பா, நாளைக்கு நீயும் வா. அவங்க கணக்கு காட்டித்தான் பேசுவாங்க. நம்ம பக்கம் பேசறதுக்கு நான் இருக்கேன், கணக்குக்கு ஆளு இல்ல."

"அவ எதுக்கு அங்கல்லாம்?" என்றார் அம்மா. "நாளைக்கு வேலைக்குப் போற புள்ள. பேரு ஸ்டேஷன்ல ஏறிடுச்சுன்னா?"

"கணக்கு போட்டா கேஸு போடுவாங்களாக்கா? அப்புறம் ஊர்ல வாத்தியாருங்க பூரா உள்ளதான் இருக்கணும்."

அம்மா சிரித்தார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு சித்தப்பா போய்விட்டார்.

மறுநாள் காலையில் பேச்சுவார்த்தைக்கு முன்பு நான் டீக்கடைக்குப் போனேன். மிஷினை வாடகைக்கு ஏற்பாடு செய்து கொடுத்தவர் முத்துப்பேட்டையில் பம்புசெட் கடை வைத்திருந்த ஒரு பாய். லாரி நிழலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். மறியலுக்கு வந்தவள் என்று நினைத்திருக்க வேண்டும். நான் நோட்டைப் பிரித்தேன்.

"பாய், மணிக்கு வாடகை எவ்வளவு?"

"ஆயிரத்தி ஐநூறும்மா."

"மணியை எப்போலேருந்து எண்ணுவீங்க?"

"இன்ஜின் ஸ்டார்ட் ஆனா மீட்டர் ஓடும். மிஷின் அறுத்தாலும் சரி, டிரைவர் ஒரு வயலு விட்டு ஒரு வயலுக்குப் போனாலும் சரி."

"ஒரு மணிக்கு எத்தனை மா அறுக்கும்?"

"ஈரம் இல்லன்னா மூணு."

"லாரிக்கு?"

"கொண்டாந்து இறக்கி, ஏத்திட்டுப் போக ரெண்டாயிரம். அது ஒரு மா அறுத்தாலும் அதான், நூறு மா அறுத்தாலும் அதான்."

"டிரைவர் பேட்டா?"

"அது வாடகையிலயே அடக்கம்." அவர் என் நோட்டை எட்டிப் பார்த்தார். "ஏம்மா, மாப்பிள்ள வீட்டை விசாரிக்கிற மாதிரில்ல விசாரிக்கிறீங்க. அவன் சம்பளத்த மட்டும் கேக்கல."

"சம்பளம் எவ்வளவு?"

"அதச் சொன்னா எங்கிட்டயே அதிகம் கேப்பான்" என்றார் பாய். லாரிக்குள்ளிருந்து டிரைவர் ஏதோ சத்தம் போட்டான்.

எனக்கு அந்தப் பதில்கள் போதும். முதலாண்டு கணிதப் புத்தகத்தில் ஒரு வாடகைக் கார் கணக்கு இருந்தது. ஏறி உட்கார்ந்ததும் இவ்வளவு, அப்புறம் கிலோமீட்டருக்கு இவ்வளவு. மொத்தச் செலவுக்குச் சமன்பாடு எழுதுக. வகுப்பில் பலர் இரண்டு எண்ணையும் கூட்டி, வந்ததைக் கிலோமீட்டரால் பெருக்கினார்கள். இரண்டையும் கலக்கக்கூடாது. ஒன்று, ஓடினாலும் ஓடாவிட்டாலும் நிற்கிற எண். மற்றது, ஓட ஓட வளர்கிற எண். அதைப் பிரித்து எழுதத் தெரிந்தால் கணக்கு முடிந்தது. நின்றுகொண்டிருந்த லாரியைப் பார்த்தபோது இது அதே கார்தான் என்று தோன்றியது. மணிக்கு மூன்று மா என்றால் ஒரு மாவுக்கு ஐநூறு. எழுதினேன்: மிஷின் செலவு, 2000 + 500x. x என்பது மா.

ஆள் அறுப்புக்கு நிற்கிற எண் கிடையாது. அறுத்து, கட்டி, களம் சேர்த்து, அடித்துத் தூற்றிக் கொடுக்க, நெல்லைக் கொள்முதல் நிலைய விலைக்குப் பணமாக மாற்றினால், மாவுக்கு எழுநூற்றைம்பது. ஆகவே 750x. இரண்டும் சமமாகும் இடம் எட்டு மா. எட்டு மாவுக்குக் குறைந்தவருக்கு ஆள் லாபம். அதற்கு மேல் மிஷின்.

நோட்டை மூடிவிட்டுத் தாசில்தார் அலுவலகத்துக்கு நடந்தபோது நான் திருப்தியாக இல்லை. எங்கள் ஊரில் எட்டு மாவுக்குள் வைத்திருந்தவர்கள் ஆறு பேர். எட்டுக்கும் இருபதுக்கும் இடையில் எட்டுப் பேர். ஒரு வேலிக்கு மேல் பெரிய பண்ணை மட்டும். எல்லை எட்டில் நின்றால் அம்மாவின் குழுவுக்கு மூன்று நாள்தான் வேலை. சரியான சமன்பாடு, தவறான பக்கத்துக்குச் சாதகம். அதை மாற்றி எழுத எனக்கு வழியில்லை. எண்கள் பாய் சொன்னவை, கூலி அம்மா சொன்னது.

தாசில்தார் அறையில் முதலமைச்சர் படம் புதிதாக மாட்டப்பட்டிருந்தது. தேர்தல் முடிந்து ஆட்சி மாறி ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. முந்தைய படம் இன்னும் பெரியது போலிருக்கிறது. புதிய படச்சட்டத்தைச் சுற்றி நான்கு பக்கமும் பழைய சுண்ணாம்பு வெளுப்பாகத் தெரிந்தது. நாற்காலிகள் ஆறு. பெரிய பண்ணையும் அவர் தரப்பில் வந்த இருவரும் உட்கார்ந்தார்கள். சித்தப்பா கேட்காமல் உட்கார்ந்தார். பாய் ஓரமாக உட்கார்ந்தார். அம்மாவும் மற்ற இரண்டு குழுத் தலைவர்களும் சுவரோரம் நின்றார்கள். மீதி இருந்த ஒரு நாற்காலியைத் தாசில்தார் எனக்குக் காட்டினார், கையில் நோட்டு இருந்ததால். நான் அதை அம்மாவிடம் தள்ளினேன். அம்மா உட்காரவில்லை, நானும் உட்காரவில்லை. பேச்சுவார்த்தை முடியும்வரை அது காலியாகவே இருந்தது.

பெரிய பண்ணை பேச்சைத் தொடங்கினார். சத்தம் போடுகிறவர் இல்லை.

"மாவுக்கு மிஷின் ஐநூறு, ஆளு எழுநூத்தம்பது. நான் எனக்காக மட்டும் பேசல சார். ஊர்ல உள்ள எல்லா விவசாயிக்கும் சேத்துப் பேசறேன். மாவுக்கு எறநூத்தம்பது ரூவாய எதுக்கு அவன் விடணும்?"

"எல்லா விவசாயின்னா யாரு?" என்றார் சித்தப்பா. "ஒங்க வீட்டு வாசல்ல நிக்கிறவனா?"

"ஒரே நேரத்துல பேசாதீங்க" என்றார் தாசில்தார். அப்போது ஒருவர்தான் பேசிக்கொண்டிருந்தார்.

நான் சொன்னேன், "சார், ஐயா சொன்ன ஐநூறு சரி. லாரி ரெண்டாயிரத்தை விட்டுட்டாங்க."

"அத அறுபது மாவுக்குப் பங்கு போட்டுப் பாரு பாப்பா. முப்பது ரூவா சொச்சம் வரும்."

"ஒங்களுக்கு அறுபது மா இருக்குங்கய்யா. எல்லாருக்கும் இல்லீங்களே."

கதவோரம் நின்றிருந்த ஒருவர் இதைக் கேட்டு உள்ளே வந்தார். தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் நான்கு மா வைத்திருந்தவர். பெரிய பண்ணை பேச்சைக் கேட்டு அவரோடு வந்தவர். "எனக்கு எவ்வளவும்மா ஆகும்?" என்றார்.

"மிஷினுக்கு நாலாயிரம். ஆளுக்கு மூவாயிரம்."

அவர் பெரிய பண்ணையைப் பார்த்தார். "மாவுக்கு ஐநூறுன்னீங்களேண்ணே?"

"லாரி ஒண்ணுதானய்யா வருது. எல்லாருமா சேந்து பிரிச்சிக்குவோம். ஒனக்கு என்ன, ஐம்பது ரூவா வரும்."

பெரிய பண்ணை சொன்னது நியாயமான வாதம். நிலையான எண்ணைப் பலர் பகிர்ந்தால் அது கரைந்துவிடும். அப்படிக் கரைந்தால் எட்டு மாக்காரருக்கும் மிஷின் லாபம், நான்கு மாக்காரருக்கும் லாபம். நான் நோட்டைப் பார்த்தேன். பதில் அங்கே இல்லை. அது பாயிடமிருந்து வந்தது, அவர் எங்களுக்கு உதவ வேண்டும் என்று நினைக்காமலேயே.

"அது எப்படிங்க?" என்றார் பாய். "ஒங்களுது இப்ப முத்திக் கெடக்கு. கடமடையில தண்ணி ஏறினதே லேட்டு, நடவும் லேட்டு. அது பழுக்க இன்னும் பதினஞ்சு நாளாவும். அதுவரைக்கும் வண்டி இங்க குந்தியிருக்குமா? நாளக் கழிச்சு மன்னார்குடி பக்கம் புக்கிங்."

"திரும்ப வராதா?" என்றார் தாசில்தார்.

"வரும் சார். திரும்ப ரெண்டாயிரம்."

தலைமடைக்கு ஒரு லாரி, கடைமடைக்கு ஒரு லாரி. கடைமடையிலும் எல்லோரும் ஒரே நாளில் நடவு செய்வதில்லை. தண்ணீர் எட்டிய வரிசையில்தான் நடுவார்கள். ஆக லாரி இரண்டாயிரம் ஒவ்வொருவர் தலையிலும் அப்படியே நின்றது. கூட்டத்தில் பலரும் தலையாட்டினார்கள். நான் நோட்டிலிருந்து படித்த எட்டு மாவையே எல்லை என்று தாசில்தார் எழுதத் தொடங்கினார். எட்டுக்குள் ஆள், எட்டுக்கு மேல் மிஷின். சித்தப்பா எழுந்தார். "இதுக்கா வந்தோம்? ஆறு பேரு நெலத்த வச்சுக்கிட்டு அறுவது பேரு என்னா பண்றது?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஒன்னக் கூட்டிட்டு வந்ததுக்கு நல்ல கணக்கு போட்டம்மா."

எனக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் எண் சரி என்பதிலிருந்து நான் அசையவில்லை.

அப்போது சுவரோரத்திலிருந்து அம்மா கேட்டார், "மூலைய எங்கடீ போட்ட?"

எல்லோரும் திரும்பினார்கள்.

"என்ன மூலைம்மா?" என்றார் தாசில்தார்.

"மிஷினு மூலையில திரும்புமாங்கய்யா? திரும்பாது. வயலுக்கு நாலு மூலையும் முன்னாடியே ஆளு அறுத்து வச்சாத்தான் அது உள்ள எறங்கும். எறங்கறதுக்கு வரப்ப வெட்டணும். வெளிய போனதும் வரப்ப அணைக்கணும். பக்கத்தூருல போன வருஷம் எங்க ஆளுங்கதான் செஞ்சாங்க. கூலி கேட்டதுக்கு டீயும் வடையும் வாங்கிக் குடுத்தாங்க."

"அது ஒரு ஒத்தாசைதானம்மா" என்றார் பெரிய பண்ணை.

"ஒத்தாசைன்னா நாளைக்கு நீங்க வந்து நாலு மூலை அறுத்துக் குடுங்கய்யா. நான் வடை வாங்கியாறேன்."

தாசில்தார் இருமினார். பாய் வெளிப்படையாகச் சிரித்தார்.

நான் நோட்டில் கோடு போட்டு அடுத்த வரிக்குப் போனேன். மிஷினைப் பற்றிப் பாயிடம் அத்தனை கேள்வி கேட்டேன். அது திரும்பும் ஆரம் என்ன என்று ஒரு மெக்கானிக்கல் டிப்ளமோ கேட்டிருக்க வேண்டும். மூலை அறுத்துவிட்டு வந்து முதுகு வலிக்கிறது என்று பக்கத்து ஊர் அத்தை எங்கள் வீட்டில் உட்கார்ந்து சொன்னதை நான் காதால் கேட்டவள். இருந்தும் பட்டியலில் வரவில்லை. யாரும் கூலி கொடுக்காத வேலை என்பதால் அதைச் செலவு என்று நானும் எண்ணவில்லை.

"ஒரு வயலுக்கு எத்தனை ஆளும்மா?" என்று கேட்டேன், அம்மாவை முதல் தடவை சாட்சி மாதிரி.

"மூலை அறுத்து, கட்டிக் கரையேத்தி, வரப்பு வெட்டி, திரும்ப அணைக்க, மூணு ஆளு அரை நாளு."

ஆளுக்கு நாள் கூலி நூறு. மூன்று ஆள், அரை நாள்: நூற்றைம்பது. இது லாரி மாதிரி ஒரே தடவை நிற்கிற எண் இல்லை, மணி மாதிரி ஓடுகிற எண்ணும் இல்லை. வயல் எத்தனை துண்டோ அத்தனை தடவை நிற்கிற எண். எங்கள் ஊரில் வயல்கள் பெரும்பாலும் மாவுக்கு ஒரு துண்டாகத்தான் இருந்தன, பண்ணையின் அறுபது மாவும் அறுபது துண்டு. அதனால் மாவுக்கு ஐநூறோடு நூற்றைம்பது சேர்ந்தது. தாசில்தார் மேஜைமேல் நோட்டை வைத்துச் சத்தமாகப் படித்தேன்.

"மிஷின் செலவு, ரெண்டாயிரம் கூட்டல், மாவுக்கு அறுநூத்தம்பது. ஆள் செலவு, மாவுக்கு எழுநூத்தம்பது. வித்தியாசம் மாவுக்கு நூறு. ரெண்டாயிரத்தை நூறால வகுத்தா இருபது மா."

"ஒரு வேலி" என்றார் தாசில்தார்.

"ஒரு வேலி சார்."

பெரிய பண்ணை என் நோட்டை வாங்கி, சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, வரி வரியாகப் பார்த்தார். நான் எழுதியதை அந்த அறையில் முழுக்கப் படித்தவர் அவர் ஒருவர்தான். "கடமடையில நாலு பேரு ஒண்ணு சேந்து, ஒரே நாள்ல நட்டு, ஒரே நாள்ல அறுத்தா?" என்றார்.

"அப்ப லாரி காசு பிரிஞ்சிடுங்கய்யா. மிஷின்தான் மலிவு."

"ஏய்!" என்றார் சித்தப்பா. "நீ யாரு பக்கம்?"

"கேட்டாங்க சித்தப்பா, சொன்னேன். நான் மறைச்சா நாளைக்கு அவங்களே கண்டுபிடிப்பாங்க. அப்ப இருபதையும் நம்ப மாட்டாங்க."

நான்கு மாக்காரர் சொன்னார், "நாங்க நாலு பேரு சேந்து ஒரு நாள்ல நடறதா? ஒருத்தன் மடையத் தொறந்தா இன்னொருத்தன் மம்முட்டிய எடுத்துக்கிட்டு வர்றான். நல்ல கதையா இருக்கே." பெரிய பண்ணைகூட அதற்குச் சிரித்துவிட்டார். பிறகு நான்கு மாக்காரர் இன்னொன்றும் சொன்னார்: "மிஷின் அறுத்தா வைக்கோலும் நொறுங்கிப் போயிடுதுங்க. எங்க மாடு அதைத் திங்காது." வைக்கோலுக்கு என்னிடம் விலை இல்லை. அதனால் அதைச் சமன்பாட்டில் சேர்க்கவில்லை. ஆனால் தாசில்தார் எழுதிய தாளில் அது ஒரு வரியாக இடம்பெற்றது.

ஒப்பந்தத்தில் மூன்று விஷயம். ஒரு வேலிக்குள் ஆள் அறுப்பு. ஒரு வேலிக்கு மேல் மிஷின் இறங்கலாம். மிஷின் இறங்கும் வயலுக்குத் துண்டு ஒன்றுக்கு நூற்றைம்பது மூலைக் கூலி, குழுவிடம் ரொக்கமாக. மூன்றும் நான் சொன்ன வார்த்தைகளில் எழுதப்பட்டன. கையெழுத்துப் போடும்போது சித்தப்பா முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் போட்டார். மிஷினே வேண்டாம் என்பது அவர் கொண்டு வந்த தீர்மானம். வெளியே வந்ததும், "மூணு நாளுன்னு நெனச்சேன், பதினாலு வந்துச்சு. ஆனா இருவது போச்சு" என்றார். அவர் கணக்கும் சரி.

அந்தத் தையில் அம்மாவின் குழுவுக்குப் பதின்மூன்று நாள் அறுப்பும், பண்ணை வயலில் மூலை அறுப்பாக ஒரு நாளுக்குச் சற்று மேலும் கிடைத்தது. நெல் வைகாசி வரை வந்தது. ஆனிக்கும் ஆடிக்கும் ரேஷன் அரிசி.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். சித்திரையில் வயல் காய்ந்து கிடந்தபோது பண்ணை வயலில் டிராக்டர் ஓடும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். வரப்புகளை உடைத்துக்கொண்டிருந்தார்கள். மூன்று துண்டை ஒன்றாக்கி, முன்னால் பிளேடு மாட்டிய டிராக்டரால் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள். அறுபது துண்டு இருபதாகிக்கொண்டிருந்தது.

என் நோட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தவருக்கு, எந்த எண்ணைக் குறைக்கலாம் என்று தெரிந்துவிட்டது. மணி வாடகை பாய் கையில். லாரி பாய் கையில். நிலம் பட்டாவில் இருக்கிறது. துண்டுகளின் எண்ணிக்கை மட்டும் அவர் கையில். மூலைக் கூலி ஒன்பதாயிரத்திலிருந்து மூவாயிரமாகும். எனக்கு அவர்மேல் கோபம் வந்ததைவிட மரியாதை வந்தது என்று சொன்னால் அம்மா இன்றும் திட்டுவார். ஆனால் நான் கவலைப்பட்டது அந்த ஆறாயிரத்துக்காக மட்டும் இல்லை. இதைப் பார்த்து, பன்னிரண்டு மா வைத்திருப்பவர் தன் பன்னிரண்டு துண்டை நான்காக்கினால், மிஷின் செலவு எட்டாயிரத்து அறுநூறு. ஆள் செலவு ஒன்பதாயிரம். ஒரு வேலி என்ற எல்லை உடைந்துவிடும். ஒப்பந்தத்தைத் திருத்தச் சொல்லி அவரே தாசில்தாரிடம் போவார். பதின்மூன்று நாளும் போய்விடும்.

துண்டைக் கணக்கின் அடிப்படையாக வைத்தது என் தவறு. நான் அதைச் சித்தப்பாவிடமும் அம்மாவிடமும் சொன்னேன். சித்தப்பா மறியல் என்றார். அம்மா, "அந்த மண்ண அவரு ஒரே மட்டமா ஆக்கிடுவாரா? பாப்போம்" என்றார்.

அடுத்த தையில் மிஷின் வந்தது. இணைத்த வயல்களில் முதல் மூன்று சிக்கலில்லாமல் அறுபட்டன. நான்காவதில் மூன்று துண்டுகளில் ஒன்று பழைய பள்ளம். டிராக்டர் தள்ளிய மண் அங்கே சரியாக நிரவவில்லை. மார்கழி மழைத் தண்ணீர் அந்தப் பக்கம் மட்டும் தேங்கியிருந்தது, கதிர் சாய்ந்து கிடந்தது. மிஷின் ஒரு பட்டை அறுத்துப் பள்ளத்தைத் தொட்டதும், சக்கரத்துக்குப் பதிலாக அதற்கு இருந்த பெல்ட் சேற்றில் இறங்கியது. டிரைவர் இன்ஜினை அணைக்காமல் முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தான். தூக்கிய மூக்கோடு அது அப்படியே நின்றது.

பெரிய பண்ணை கரையில் நின்றார். "ஏம்மா, ஆளுங்கள எறக்கி அந்தப் பள்ளத்த அறுத்து விடு. மிஷினு வெளிய வரட்டும்."

அம்மா அரிவாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். குழுவும் நின்றது. "நாலு மூலை அறுத்துட்டோங்கய்யா. நூத்தம்பது ஆயிடுச்சு. இது மூலை இல்லியே."

"ஒரே வயலுதான இது?"

"நேத்து வரைக்கும் மூணு வயலுங்கய்யா."

"மூலையே இல்லாம மூலைக் கூலி கேக்குறியா?"

"மூலைய நாங்களா தின்னோம்?"

குழுவில் யாரோ சிரித்தார்கள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பாய் வரப்பில் குந்தியிருந்தார்; நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்தினால் சேற்றில் திரும்ப ஸ்டார்ட் ஆகுமோ என்று டிரைவருக்குப் பயம். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். இருபது நிமிடத்துக்கு ஐநூறு ரூபாய். அது அறுக்காமலே ஒரு மாவின் வாடகை.

எழுதி வைத்திருந்த தாளை எடுத்துக்கொண்டு போனேன். சித்திரையிலிருந்தே என்னிடம் இருந்த தாள் அது. "ஐயா, துண்டுக்கு நூத்தம்பதுன்னு நான் எழுதினது தப்பு. மாவுக்கு நூத்தம்பதுன்னு இருக்கணும். வரப்ப எடுத்தாலும் வச்சாலும் அதே காசு. மூலையோ பள்ளமோ சாஞ்சதோ, மிஷின் தொடாதத எல்லாம் குழு அறுத்துக் குடுக்கும். தனியாக் கேக்க மாட்டாங்க."

"அறுவது மாவுக்கு ஒம்பதாயிரம்" என்றார் அவர் உடனே.

"போன வருஷம் குடுத்ததுதாங்கய்யா. அப்பயும் ஆளை விட ஒங்களுக்கு நாலாயிரம் மிச்சம். வரப்பு போனதால மிஷின் சீக்கிரம் அறுக்கும், அந்த நேரமும் ஒங்களுக்குத்தான்."

அவர் பாயைப் பார்த்தார். பாய், "புள்ள சொல்றது சரிதாங்க. மூணு வயல்லயும் இன்னிக்கு மணிக்கு மூணேகால் மா வந்துச்சு" என்றார். பெரிய பண்ணை கண்ணாடியைத் தேடினார், கொண்டுவரவில்லை. தாளைக் கையை நீட்டிப் பிடித்துப் படித்தார். மிஷின் இரண்டு முறை உறுமியது.

"இது ஊர்ல எல்லாருக்கும் ஒண்ணா?"

"எல்லாருக்கும் ஒண்ணு. மா எத்தனையோ அத்தனை."

"அப்ப ஒரு வேலி ஒரு வேலியாவே நிக்கும்" என்றார். அதுவும் அவருக்குப் புரிந்துவிட்டது. பிறகு பாயிடம் பேனா வாங்கி, தாளை என் நோட்டின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். "இதத் தாசில்தாருகிட்டயும் ஒரு காப்பி குடுத்துடுங்க" என்றார்.

அம்மா அதற்குள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பள்ளத்தில் இறங்கிவிட்டார். முழங்கால் வரை சேறு. பத்துப் பேர் வரிசையாகப் பின்னால் இறங்கினார்கள். சாய்ந்த கதிரை ஒரு கையால் நிமிர்த்தி மறு கையால் அறுக்க வேண்டும், மெதுவான வேலை. நான் கரையில் நின்று, மிஷின் வெளியே வர எத்தனை கட்டு வைக்கோலை அதன் பெல்ட்டுக்கு அடியில் போட வேண்டியிருக்கும் என்று டிரைவரோடு பேசிக்கொண்டிருந்தேன். கடைமடையில் கதிர் இன்னும் பச்சையாக இருந்தது. அங்கே பதின்மூன்று நாள் வேலை காத்திருந்தது.